கை மரத்துப்போகிறவர்களுக்கு: மணிக்கட்டு நரம்பு ஒப்பரேஷன் வரை ஒரு வழிகாட்டி

அம்மா மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் 31 வருஷம் கொழுந்து பறித்தவர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, ஈரக் கையை உதறுவது போல வலக்கையை உதறிக்கொண்டிருப்பார். அந்த வளையல் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்துவிடும். கேட்டால், "குளிருக்கு மரத்துப்போச்சு, நீ படு" என்பார். மூன்று வருஷம் இப்படியே போனது. எண்ணெய் தேய்த்தோம், பாம் பூசினோம். காட்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் வாதம் என்று சொல்லி விட்டமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பை கையில் இருந்து தானாக நழுவி விழுந்தது. கண்டிக்குக் கொண்டுபோனபோது பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதை வற்றிப்போயிருந்தது.

வலக்கைக்கு ஒப்பரேஷன் நடந்தது. ஒன்றரை வருஷம் கழித்து இடக்கையும் அதே மாதிரி மரக்கத் தொடங்கியது. இந்த முறை மூன்று மாதத்துக்குள் காட்டிவிட்டோம். இன்றைக்கு அம்மாவின் இடக்கை நல்ல கை. வலக்கையில் இரவு வேதனை போய்விட்டது, ஆனால் சட்டைப் பொத்தான் போட இன்னும் முடியாது. ஒரே ஆள், ஒரே ஒப்பரேஷன், காட்டப் போன காலம் மட்டும்தான் வேறு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது அதுதானா என்று பாருங்கள்

மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் எலும்பு, மேலே கூரை மாதிரி ஒரு தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் என்ற ஒரு நரம்பும் அதற்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான், ஏனென்றால் அங்கே மிருதுவானது அது. இதைத்தான் டொக்டர்மார் கார்ப்பல் டனல் என்று எழுதுகிறார்கள்.

அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், அப்புறம் மோதிர விரலில் பாதி. சின்னவிரலுக்கு அது போவதில்லை. ஆகவே எந்த விரல் மரக்கிறது என்று நிதானமாகக் கவனியுங்கள். சின்னவிரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தால் கோளாறு முழங்கைப் பக்கத்து நரம்பில் இருக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது கை முழுக்க மின்சாரம் பாய்கிற மாதிரி இருந்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதங்களும் சேர்ந்து எரிந்து மரத்தால் இரத்தத்தில் சீனியைச் சோதியுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை முழுக்க மடக்கி ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அதற்குள் அந்த மூன்றரை விரல்களில் மரப்போ ஊசி குத்துகிற மாதிரியோ வந்தால் சந்தேகப்பட இடமுண்டு. ஃபேலன் என்ற அமெரிக்க டொக்டரின் பெயரில் வழங்கும் சோதனை இது, கிளினிக்கிலும் இதையே செய்வார்கள். இது மட்டும் போதாது, ஆனால் டொக்டரிடம் சொல்ல நல்ல ஆதாரம்.

கையை அழுத்திப் பிடித்து, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கு இது வரும் வாய்ப்புக் கூடுதல். கொழுந்துக் கத்தரி, தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தையல் மெஷின் எல்லாம் அதில் சேரும். சீனி வருத்தம், தைரொயிட் குறைவு, மூட்டுவாதம், பழைய மணிக்கட்டு முறிவு, கர்ப்பம் ஆகியவையும் காரணமாகலாம். கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பிள்ளை பிறந்த பிறகு தானாகக் குறைந்துவிடும். அவர்கள் ஒப்பரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம்.

எங்கே போவது, என்ன சொல்வது

தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்குவதில் தப்பில்லை. அங்கே இரண்டு தடவைக்கு மேல் வெறும் குளிசையோடு திரும்பி வந்தால், நீங்களே பக்கத்து ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போங்கள். அங்கிருந்து நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். இந்த ஒப்பரேஷனை என்புமுறிவு நிபுணர்களும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்களும் செய்கிறார்கள். பிளாஸ்டிக் என்றால் முகத்தை அழகாக்குவது மட்டும்தான் என்று நினைத்து, தப்பான வரிசையோ என்று பயந்து திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். கையின் நரம்பும் தசைநாணும் அவர்களுடைய வேலைதான். மலையகத்தில் இருப்பவர்களைப் பெரும்பாலும் நுவரெலியா, பதுளை, கண்டி, பேராதனை என்று பெரிய வைத்தியசாலைகளுக்கு அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை. செலவு என்பது பஸ்ஸும், கூட வருகிறவரின் நாள் சம்பளமும்தான். அது சின்னச் செலவு இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

டொக்டரிடம் "கை வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வலிக் குளிசைதான் கிடைக்கும். எந்த விரல், எத்தனை மாதம், ராத்திரி எழும்புகிறதா, உதறினால் குறைகிறதா, சாமான் நழுவுகிறதா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். தமிழ் தெரியாத டொக்டராக இருந்தால் "ரேட்ட அத்த ஹிரி வெட்டெனவா" என்ற ஒரு சிங்கள வசனம் போதும். ராத்திரியில் கை மரக்கிறது என்று அர்த்தம். சொல்லிவிட்டு விரல்களைத் தொட்டுக் காட்டுங்கள். அம்மாவுக்கு இதைப் பஸ்ஸில் போகும்போது பத்துத் தடவை சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போய்ச் சரியாகச் சொன்னார், டொக்டர் உடனே கையைத் திருப்பிப் பார்த்தார்.

கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டுகள், இரத்தப் பரிசோதனைக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். மழை நனைக்காத பையாக இருக்கட்டும்.

ஒப்பரேஷனுக்கு முன் செய்து பார்ப்பவை

லேசான நிலை என்றால் முதலில் மணிக்கட்டுப் பட்டி கொடுப்பார்கள். உள்ளே தகடு வைத்தது, மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்க வைப்பது. ராத்திரியில்தான் முக்கியமாகப் போட வேண்டும், தூங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிக்கொள்வதால். ஆறு வாரமாவது விடாமல் போட்டுப் பாருங்கள். கடையில் விற்கும் வெறும் இழுபடும் துணிப்பட்டி இதற்கு உதவாது, இறுக்கிக் கட்டினால் இன்னும் மோசமாகும்.

அடுத்தது வீக்கத்தைக் குறைக்கச் சுரங்கத்துக்குள் போடும் ஸ்டிரொயிட் ஊசி. சிலருக்கு வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் சுகம் தரும், பிறகு திரும்ப வரலாம். சீனி உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்கள் சீனி ஏறும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தைரொயிட்டோ சீனியோ கட்டுப்படாமல் இருந்தால் அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

நரம்புப் பரிசோதனை ஒன்றுக்கும் எழுதலாம். விரலிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்ன மின் அதிர்வு கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளப்பார்கள். சுண்டிவிட்ட மாதிரி இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு விசேஷக் குறிப்பு: கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாக வேலை செய்து, முடிவு பிசகலாம். விடியற்காலைப் பஸ்ஸில் பனிக்குள் வந்து இறங்கியவுடன் உள்ளே போகாதீர்கள். கையுறையோ துணியோ சுற்றி வாருங்கள், சூடாக ஒரு தேத்தண்ணி குடித்து, கோப்பையைக் கையால் பொத்திப் பிடித்துச் சூடேற்றிக்கொள்ளுங்கள். எண்ணெய், கிறீம் எதுவும் பூச வேண்டாம். வளையலைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

எப்போது கத்தி வைக்க வேண்டும்

பட்டியும் ஊசியும் பார்த்தும் குறையவில்லை என்றால். மரப்பு ராத்திரியோடு நிற்காமல் நாள் முழுக்க இருந்தால். பெருவிரல் பலவீனமாகி, பொத்தான், ஊசி, சில்லறைக் காசு பிடிக்க முடியாவிட்டால். பெருவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கினால்.

கடைசி அறிகுறியைத் தெரிந்துகொள்ள இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே மேடாக இருக்க வேண்டிய இடம் ஒரு கையில் தட்டையாக, குழிவிழுந்த மாதிரி தெரிந்தால் காத்திருக்காதீர்கள். நசுங்கிய நரம்பை விடுவிக்கலாம், வற்றிப்போன சதை திரும்பி வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அம்மாவின் வலக்கையில் நடந்தது இதுதான். வலி குறைந்து வெறும் மரப்பாக மாறியதைக் குணமாகிறது என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அது நரம்பு ஓய்ந்துபோகிற அடையாளம்.

என்னென்ன வகை இருக்கிறது

எல்லா வகையிலும் செய்வது ஒரே வேலைதான்: சுரங்கத்தின் கூரையாக இருக்கும் அந்த நார்ப்பட்டையை வெட்டித் திறந்து நரம்புக்கு இடம் கொடுப்பது. அதை எப்படி எட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

திறந்த முறையில் உள்ளங்கையின் அடிப்பகுதியில் மூன்று, நான்கு சென்றிமீற்றர் அளவுக்குக் கீறுவார்கள். டொக்டர் நேரடியாகக் கண்ணால் பார்த்து வெட்டுகிறார். சுரங்கத்துக்குள் வேறு ஏதாவது கட்டியோ வீக்கமோ இருந்தாலும் தெரிந்துவிடும். நம் அரசாங்க வைத்தியசாலைகளில் வழக்கமாக நடப்பது இது. இதையே இரண்டு சென்றிமீற்றர் அளவுக்குச் சின்னதாகக் கீறிச் செய்பவர்களும் உண்டு.

கமெரா முறையில் மணிக்கட்டில் ஒன்றோ, மணிக்கட்டிலும் உள்ளங்கையிலுமாக இரண்டோ சின்ன வெட்டுப் போட்டு, மெல்லிய கமெராவை உள்ளே விட்டு, அடியில் இருந்து பட்டையை வெட்டுவார்கள். தழும்பு சின்னது, உள்ளங்கை நோவு ஆரம்பத்தில் குறைவு, சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம். ஆனால் கருவியும் பயிற்சியும் வேண்டும், தனியாரில் செலவு கூடும், நரம்புக்குத் தற்காலிகமாக ஊறு வரும் வாய்ப்புத் திறந்த முறையைவிடக் கொஞ்சம் அதிகம். உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் நடுவிலேயே திறந்த முறைக்கு மாறுவார்கள். அதற்கும் சம்மதித்துத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி அளவு துளையால் வெட்டும் முறையும் உலகில் சில இடங்களில் வந்திருக்கிறது.

ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் திறந்த முறைக்கும் கமெரா முறைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே கமெராவுக்காகத் தோட்டை அடகு வைக்கவோ, கடன் வாங்கவோ வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கிளினிக்கில் இருக்கும் நிபுணர் எந்த முறையை வழக்கமாகச் செய்கிறாரோ அதிலேயே செய்துகொள்ளுங்கள்.

மயக்க மருந்து பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் கிடையாது, கையை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிதான். போடும்போது எரியும், அந்த ஒரு நிமிஷம்தான் ஒப்பரேஷனிலேயே கஷ்டமானது. சில இடங்களில் இரத்தம் வராமல் மேல்கையில் காற்றுப்பட்டி ஒன்றை இறுக்குவார்கள், பத்து நிமிஷம் போனால் அந்த அழுத்தம் நோகும். வேறு இடங்களில் இரத்தக் கசிவைக் குறைக்கும் அட்ரினலினை ஊசியிலேயே கலந்து போட்டு, அரைமணி நேரம் காத்திருந்து, பட்டி இல்லாமல் செய்கிறார்கள். எப்படிச் செய்யப் போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

திகதி கிடைத்த பிறகு

ஒப்பரேஷன் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் ஆறு வாரத்துக்குத்தான் ஆயத்தம் வேண்டும், அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் ஒரு கையோடு வாழ்வதை யோசித்துப் பாருங்கள். பீலிக் குழாயில் இருந்து தண்ணீர் யார் தூக்குவது? விறகு யார் பிளப்பது? இரண்டு வாரத்துக்கான விறகை முன்னாலேயே வெட்டி அடுக்கிவிடுங்கள். ரொட்டி மா பிசைவது, தேங்காய் துருவுவது, அரைப்பது எல்லாம் உள்ளங்கையை அழுத்தும் வேலை, அவை நின்றே ஆக வேண்டும். பிள்ளைக்குத் தலை பின்னுவதைக்கூட வேறு யாராவது பார்க்க வேண்டும்.

சொல்லக் கூச்சப்படுகிற விஷயம் ஒன்று. வலக்கையில் கட்டு இருந்தால் சாப்பிட ஒரு கரண்டி வேண்டும். இடக்கையில் கட்டு இருந்தால் கக்கூசில் கழுவுவது எப்படி என்று முன்னாலேயே யோசிக்க வேண்டும், கட்டு நனையவும் கூடாது. அம்மாவுக்கு நீண்ட கைப்பிடிக் கோப்பை ஒன்றும் நிறையத் துணியும் வைத்தோம், வலக்கையால் சமாளித்தார். முதல் நாள் அழுதார், இரண்டாம் நாள் பழகிவிட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு கையையும் ஒரே நாளில் செய்யச் சம்மதிக்காதீர்கள். ஒரு கை வேலைக்கு வந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்பரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. சீனிக் குளிசையை அன்று காலை குடிப்பதா, சாப்பிட்டு வருவதா வெறும் வயிற்றோடு வருவதா என்பதையும் தாதியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம், புண், நகச்சுற்று இருந்தால் ஒளிக்காதீர்கள். திகதி தள்ளிப்போகும் என்று மறைத்தால் உள்ளே கிருமி போய்விடும். மோதிரம் கழறாவிட்டால் முந்தின நாளே சவர்க்காரம் போட்டுக் கழற்றுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் தமிழில் விளக்கச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. எந்தக் கை என்று உரக்கச் சொல்லுங்கள்.

முன் பொத்தான் வைத்த இறுக்கமான சட்டையோ சேலையோ வேண்டாம், கை அகலமான நைட்டியும் மேலே ஒரு சுவெட்டரும் வசதி. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கண்டியில் இருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறும் பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும், சீட் கிடைக்கிற பஸ்ஸுக்குக் காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைத்திருங்கள். படுக்கும்போது பக்கத்தில் இரண்டு தலையணை அடுக்கி அதன்மேல். தொங்கவிட்டால் வீங்கும், வீங்கினால் விண்விண் என்று நோகும். விரல்களை அன்றைக்கே அசைக்கத் தொடங்குங்கள்: முழுக்க மடக்கி, முழுக்க விரித்து, மணிக்குப் பத்துத் தடவை. நோகுமே என்று அசைக்காமல் வைத்தவர்களின் விரல் இறுகிவிடும்.

தையல் 10 முதல் 14 நாளில் வெட்டுவார்கள். அதற்குக் கண்டி வரை போகத் தேவையில்லை, கடிதம் கேட்டு வாங்கினால் பக்கத்து வைத்தியசாலையில் செய்துகொள்ளலாம். அதுவரை ஈரம் படக்கூடாது. மழைக்காலம் என்றால் வெளியே போகும்போது பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள், உள்ளே வியர்த்தாலும் ஈரம்தான். பச்சிலை, மஞ்சள், கோப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்காதீர்கள், யார் சொன்னாலும்.

சிவப்பு பரவுவது, சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, விரல் நீலம்பாய்வது, முன்பு இல்லாத மரப்பு புதிதாக வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள்.

ராத்திரி வேதனை சீக்கிரம் போகும். அம்மாவுக்கு இடக்கையில் முதல் இரவே போய்விட்டது. விரல் நுனியின் மரப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெதுவாகத் தெளியும், நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். உள்ளங்கை அடியில் இரண்டு பக்கமும் அழுத்தினால் நோவது இரண்டு மூன்று மாதம் இருக்கும். கூரை வெட்டப்பட்டதால் வருவது அது, ஒப்பரேஷன் தவறியதாக எண்ண வேண்டாம். காயம் முழுக்க மூடிய பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் தழும்பை வட்டமாக நீவிவிட்டால் மிருதுவாகும்.

மலைக்குத் திரும்புவது

பேனை பிடிக்கும் வேலை என்றால் ஒன்றிரண்டு வாரம். கையால் கொழுந்து பறிக்க ஆறு வாரமாவது ஆகும். கத்தரியும் கவ்வாத்தும் மண்வெட்டியும் பிடிக்க இரண்டு, மூன்று மாதம். பிடியின் பலம் அப்போதுதான் திரும்பும். டொக்டரிடம் வைத்தியச் சான்றிதழ் எழுதும்போதே எத்தனை வாரம், அதற்குப் பிறகு எத்தனை வாரம் பாரமில்லாத வேலை என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அதை அப்படியே கொடுத்துவிடாமல் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு தோட்டத்துக் காரியாலயத்தில் கொடுங்கள். அம்மாவை நான்காம் வாரமே பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கூப்பிட்டார்கள். பிரதி கையில் இருந்ததால் நாற்றுமேடையில் வேலை கேட்டு வாங்க முடிந்தது.

முதல் வாரம் எத்தனை கிலோ பறித்தோம் என்று பார்க்காதீர்கள். பறிக்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கப் பழகுங்கள், அரைமணிக்கு ஒருமுறை விரலை விரித்து மடக்குங்கள். கத்தரியின் பிடி துருப்பிடித்து இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு இளக்கிக் கொடுக்கச் சொல்லிக் கங்காணியிடம் கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்தும் ராத்திரி உதறல் அப்படியே இருந்தால் பழைய கொப்பியை எடுத்துக்கொண்டு அதே கிளினிக்குக்குப் போங்கள். பட்டை முழுக்க வெட்டுப்படாமல் போயிருக்கலாம், அதைத் திரும்பப் பார்க்க முடியும். மற்றக் கையில் ஆரம்பித்திருந்தால், அதையும் அதே நாளில் காட்டிவிடுங்கள்.